ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுவிட்டேன், இரண்டு நாளாக வலது காதில் 'ஙொய்ங்'. தானாகப் போய்விடுமா?

தூங்காத_காது எழுதியது:

வயது 21. சனிக்கிழமை இரவு நண்பர்கள் நாலு பேர் ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போனோம். முன்னால் இடம் பிடிக்கிற வெறியில் வலதுபக்க ஸ்பீக்கர் அடுக்குக்கு நாலடி தள்ளி நின்றோம். மூன்று மணி நேரம். வெளியே வந்தபோது பக்கத்தில் இருந்தவன் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது. அதையும் ஜோக்காக்கிச் சிரித்துக்கொண்டே வீடு வந்தோம்.

ஞாயிறு காலை அடைப்பு போய்விட்டது. ஆனால் வலது காதில் மட்டும் மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம். இன்று திங்கள் இரவு, இன்னும் இருக்கிறது. பகலில் தெரிவதில்லை. விளக்கை அணைத்துப் படுத்தால் அது மட்டும்தான் கேட்கிறது. அதை மறைக்க இயர்போனில் பாட்டு ஓடவிட்டுத் தூங்குகிறேன். வலி, சீழ், தலைசுற்றல் எதுவும் இல்லை. கூட வந்த மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மாவிடம் சொன்னால் முதல் வேலையாக இயர்போனைப் பிடுங்கிவிடுவார். காத்திருக்கலாமா, டாக்டரிடம் போக வேண்டுமா?

வால்யூம்_நூறு எழுதியது:

எனக்கு இது நாலைந்து தடவை வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தானாகப் போய்விட்டது. நன்றாகத் தூங்கு, அதையே நினைக்காதே. போகப் போகக் காது பழகிவிடும். இப்போதெல்லாம் எனக்கு அந்த அடைப்புகூட வருவதில்லை.

ஃபேடர்_கை எழுதியது:

மேலே எழுதிய தம்பிக்கு முதலில். காது பழகவில்லை தம்பி, கேட்கும் திறன் கொஞ்சம் குறைந்திருக்கலாம். அப்படிக் குறைந்தால் அதே சத்தம் சின்னதாகத் தெரியும். நானும் ரொம்ப வருஷம் அதைப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி மிக்ஸ் செய்வது என் தொழில், 17 வருஷமாக. எனக்கு 34 வயதில் ஒரு நாள் என் பெண், "அப்பா, உங்க வாட்ச் எவ்வளவு நேரமா கத்துது, ஏன் நிறுத்தவே மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. சோதனையில் தாழ்ந்த ஸ்வரங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் கோடு பள்ளத்தில் விழுந்தது: இடது காது 60 டெசிபல், வலது 50. அவ்வளவு சத்தமாக ஒலித்தால்தான் கேட்கும் என்று அர்த்தம். டிஜிட்டல் வாட்சின் பீப் ஏறக்குறைய அந்த 4000 பக்கம்தான் இருக்கும். இடது ஏன் அதிகம் என்றால், ஹெட்போனை எப்போதும் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பேன்.

ஒரு காதுக்குள், ஒலியை நரம்புக்குக் கடத்தும் முடிச் செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. பறவைகளுக்கு அவை செத்தால் மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது. கணக்கு இதுதான்: தொழிற்சாலை வேலைக்குப் பரிந்துரைக்கும் அளவு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 100 என்றால் 15 நிமிடம். அடுக்குக்கு நாலடியில் என் மீட்டர் 106-க்குக் கீழே காட்டி நான் பார்த்ததில்லை. அதற்கு நாலு நிமிடம்கூட இல்லை. நீ நின்றது மூன்று மணி நேரம்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் மணி நேரத்தில் மிக்ஸ் செய்பவன் காதும் களைத்துவிடும். டிரம்ஸில் ஹை-ஹாட் தட்டின் சத்தம் மங்கியது போலத் தெரியும். ஃபேடரை, அதாவது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபட்டனை, ஒரு நூல் ஏற்றுவோம். அரை மணி கழித்து இன்னொரு நூல். நிகழ்ச்சி முடியும்போது தொடக்கத்தை விட 5, 6 டெசிபல் ஏறியிருக்கும், யாருக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நிகழ்ச்சி அரங்குகளுக்கு ஒரு தரநிலையை வெளியிட்டது: 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, ஓய்வெடுக்க அமைதியான இடம் வேண்டும், காதடைப்பான் கிடைக்க வேண்டும். அதைப் படித்த பிறகுதான் மீட்டரைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன். பாடகர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

செவிமேசை எழுதியது:

நான் கேட்புத்திறன் சோதனை செய்பவள். தம்பி, நாளைக்கே போ. இப்படி வரும் இரைச்சல் பலருக்கு ஓரிரு நாளில் அடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் உனக்கு ஒரே காதில், இரண்டு நாளைக்கு மேல் நிற்கிறது. அந்தக் காதில் கேட்பதே திடீரென்று குறைந்திருந்தால் அது அவசரம். ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது, வாரக்கணக்கில் தள்ளினால் பலன் குறையும்.

இப்போதே ஒன்று செய்து பார். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகு. சத்தம் இடது பக்கமாகச் சாய்ந்தால் வலது உள்காதில் கேட்பு குறைந்திருக்கலாம். சாயவில்லை என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிடாதே.

சோதனையின்போது 3000, 6000 ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பார்க்கச் சொல். அவசரத்தில் அவற்றை விட்டுவிடுவது உண்டு, சத்தத்தால் வரும் பள்ளம் 3000-க்கும் 6000-க்கும் இடையில்தான் விழும். எல்லாம் நார்மல் என்று வந்தாலும் அடுத்த வாரமே அதே இடத்தில் போய் நிற்காதே. 2009-ல் எலிகளிடம் செய்த ஆய்வில், சத்தம் கேட்ட பிறகு கேட்பு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, ஆனால் உள்ளே முடிச் செல்லையும் நரம்பையும் சேர்க்கும் இணைப்புகளில் சில பகுதிகளில் பாதி வரை போய்விட்டிருந்தன.

தூங்கும்போது இயர்போன் வேண்டாம். ஃபேன் சத்தம் போல ஏதாவது ஒன்றை அறையில் மெதுவாக ஓடவிடு. விசிலை முழுக்க அமுக்கும் அளவுக்கு வேண்டாம்.

தூங்காத_காது எழுதியது:

வெள்ளிக்கிழமை அப்டேட். அம்மாவிடம் சொன்னேன். பிடுங்கவில்லை, கூடவே வந்தார். இடது எல்லாம் 5, 10 டெசிபல். வலது 6000-ல் மட்டும் 30. காதுக்குள் அழுக்கு இல்லை, செவிப்பறை நன்றாக இருக்கிறது. ஒரு மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார்கள். விசில் நேற்றிலிருந்து ரொம்பத் தேடினால்தான் கிடைக்கிறது.

காத்திருந்தபோது போனில் ஹெட்போன் அளவைப் பார்த்தேன். போன வாரம் சராசரி 89 டெசிபல், 11 மணி நேரம். பாதுகாப்பான அளவு வாரத்துக்கு 80-ல் 40 மணி நேரம் என்றால் 89-க்கு 5 மணிதான் வருகிறது. நிகழ்ச்சியை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

ஃபேடர் அண்ணா, பஞ்சு வைத்துக்கொண்டு போனால் போதுமா? காதடைப்பான் போட்டால் பாட்டு போர்வைக்குள் கேட்பது போல ஆகிவிடும் என்கிறார்கள்.

ஃபேடர்_கை எழுதியது:

பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. நுரை அடைப்பான் மேல் ஸ்தாயியை அதிகமாக வெட்டும், அதனால்தான் போர்வை. இசைக்கலைஞர்கள் போடுகிற ஃபில்டர் வைத்தது எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும், பாட்டு பாட்டாகவே இருக்கும். கையில் நுரைதான் இருக்கிறது என்றால் மெல்லிசாக உருட்டு, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னாலும் இழுத்து உள்ளே விடு, விரலை எடுக்காமல் அரை நிமிடம் பிடி. சரியாக உட்கார்ந்தால் உன் குரலே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அலங்காரம்தான். அப்புறம், ஸ்பீக்கர் பக்கம் நிற்காதே. மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார், சத்தம் நன்றாக இருப்பதே அங்கேதான்.

வால்யூம்_நூறு எழுதியது:

அண்ணா, ஒரு சந்தேகம். அந்த வாட்ச் கத்தியது கேட்கவில்லை என்றீர்களே, அன்றைக்கு அது எவ்வளவு தூரத்தில் இருந்தது?

ஃபேடர்_கை எழுதியது:

கையில்தான் கட்டியிருந்தேன்.