746 வாட்டுக்கு மூன்று பேனல் போதுமா? நீச்சல் குள பம்பும் சூரிய மின்சாரமும்

கம்பிக்காரன்:
"ஒரு ஹெச்பி என்றால் 746 வாட். 250 வாட் பேனல் மூன்று மாட்டினால் 750. வீட்டு நீச்சல் குள பம்பு தாராளமாக ஓடும், நான்கு வாட் மிச்சம் வேறு" என்று வெயில்விரும்பி நேற்று எழுதியிருக்கிறார். மிச்சமாம்! 746 என்பது மோட்டாரின் தண்டில் வெளியே கிடைக்கும் திறன். அதைத் தருவதற்குச் சாதாரண மோட்டார் ஆயிரம் வாட்டுக்கு மேல் விழுங்கும். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு ஊருக்கு உபதேசம் எதற்கு?

வெயில்விரும்பி:
வந்துவிட்டார் வாத்தியார். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பது பள்ளிப் பாடம். பாடநூலையும் திருத்தப் போகிறீர்களா?

கம்பிக்காரன்:
பாடநூலில் பிழை இல்லை, படித்தவரிடம்தான். மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைக் குனிந்து பாருங்கள். ஹெச்பி ஒரு வரியில் இருக்கும், ஆம்பியர் இன்னொரு வரியில் இருக்கும். வோல்ட்டோடு பெருக்கினால் உண்மை தெரியும்.

நீலத்தொட்டி:
பெருக்கினால் வாட் வராது ஐயா. அந்தப் பெருக்கத்தில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் பவர் ஃபேக்டரை விட்டுவிட்டீர்கள்.

கம்பிக்காரன்:
அதையும் சேர்த்துத்தான் ஆயிரத்துக்கு மேல் என்றேன். குற்றம் கண்டுபிடிக்க வருகிறவர்கள் முழுதும் படித்துவிட்டு வரலாம். பேனலில் அச்சிட்ட 250 வாட்டும் ஆய்வகக் கணக்கு. செல்லின் வெப்பம் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மொட்டைமாடி வெயிலில் செல் 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். அந்த நான்கு வாட் இப்போது எங்கே?

வெயில்விரும்பி:
என் வீட்டில் ஓடுகிறது. கண்ணால் பார்க்கிறேன்.

கம்பிக்காரன்:
பொது மின்தடத்தோடு இணைத்திருக்கிறீர்களா, இல்லையா?

வெயில்விரும்பி:
பேச்சை மாற்றாதீர்கள். ஒரு ஹெச்பி 746 வாட்டா, இல்லையா?

கம்பிக்காரன்:
இணைத்திருக்கிறார், அதுதான் சொல்ல மாட்டேன் என்கிறார். பற்றாக்குறையை மின்தடம் நிரப்புகிறது, பெயர் சூரியனுக்குப் போகிறது. இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். கிளம்பும் நொடியில் இந்த வகை மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். மூன்று பேனல் என்ன செய்யும்? மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிடும்.

நீலத்தொட்டி:
இருவரும் பழைய மோட்டாரையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். வேகத்தை மாற்றக்கூடிய டிசி பம்பு இருக்கிறதே? மெதுவாகக் கிளம்பும், வெயிலுக்கு ஏற்ப ஓடும். வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகும், மின்சாரமோ எட்டில் ஒரு பங்கே போதும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் செலவு கால்வாசிதான். குளத்து நீர் மேலே ஏறுவதில்லை, சுற்றித்தான் வருகிறது. அதனால் இந்தக் கணக்கு இங்கே ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

கம்பிக்காரன்:
மணல் வடிகட்டியில் நீரை எதிர்த்திசையில் விட்டு அழுக்கைக் கழுவும்போது என்ன செய்வீர்கள்? பாதி வேகத்தில் மணல் அசையக்கூட அசையாது. அதெல்லாம் இருக்கட்டும், இங்கே பேச்சு 746-ஐப் பற்றி.

பாசி:
நீங்கள் 746-ஐ முடிப்பதற்குள் என் குளம் பச்சையாகிவிடும். நான் இரவில்தான் பம்பைப் போடுகிறேன், பகலில் வெயில் குளோரினைத் தின்றுவிடுகிறது.

வெயில்விரும்பி:
இரவில் சூரிய மின்சாரமா? அபாரம்.

பாசி:
எனக்கு பேட்டரி இருக்கிறது. உங்களுக்கு நாக்கு மட்டும்தான் இருக்கிறது.

கம்பிக்காரன்:
பாசி, குளோரின் வெயிலில் சிதைகிறது என்றால் குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலத்தைச் சரியான அளவில் வைத்திருங்கள். பம்பைப் பகலில் ஓட்டுங்கள். அதற்காக பேட்டரி வாங்கியது வீண்செலவு.

பாசி:
என் பணம், என் பேட்டரி. போன முறை இன்வெர்ட்டர் பற்றி நீங்கள் சொன்னதைக் கேட்டவர்கள் இன்னும் புலம்புகிறார்கள்.

கம்பிக்காரன்:
அப்போது நான் சொன்னது தூய சைன் அலை இன்வெர்ட்டர், அதாவது பொது மின்தடத்தைப் போலச் சீரான அலையாக மின்சாரம் தருவது. மலிவானதை வாங்கியது யார் என்று அவர்களையே கேளுங்கள். வெயில்விரும்பி, இணைப்பு இருக்கிறதா?

வெயில்விரும்பி:
746.