தாளாளருக்குத் தெரியாமல் பரிந்துரைக் கடிதம் வாங்கலாமா?

குடந்தை கணக்கு டீச்சர்:
கும்பகோணத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் 6 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். தஞ்சாவூரில் ஒரு சிபிஎஸ்இ பள்ளிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். இரண்டு பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். தாளாளர் காதுக்குப் போனால் பத்தாம் வகுப்பைப் பிடுங்கிவிடுவார். போன வருடம் தமிழ் டீச்சருக்கு அதுதான் நடந்தது. என் அசல் சான்றிதழ்களும் அவர் பீரோவில்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

மயிலாடுதுறை இயற்பியல்:
மறைக்காதீர்கள் டீச்சர். நம் பக்கத்துத் தாளாளர்கள் ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே பேச்சோடு பேச்சாக உங்கள் பெயர் வருவதைவிட, ஹெச்.எம்.மிடம் நீங்களே சொல்வது மேல். வேறு ஆள் தேட அவர்களுக்கும் நேரம் கிடைக்கும். பிள்ளைகள் ஜூனில் டீச்சர் இல்லாமல் உட்காரக் கூடாது.

மன்னார்குடி அக்கா:
விண்ணப்பம் போட்டதற்கே சொல்ல வேண்டுமா சார்? அங்கே கிடைக்காமல் போனால்? மே மாதச் சம்பளமே தராத பள்ளிகள் இருக்கின்றன. ஜூனில் வேலையும் போனால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது? கடிதத்தை இப்போதைய பள்ளியில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. எனக்கு எழுதிக் கொடுத்தவர் விடைத்தாள் திருத்தும் முகாமில் முதன்மைத் தேர்வாளராக இருந்த அரசுப் பள்ளி ஆசிரியர்.

மயிலாடுதுறை இயற்பியல்:
தாள் திருத்தியதைப் பார்த்தவர் வகுப்பைப் பற்றி என்ன எழுதுவார்? நேர்காணல் குழுவில் இருந்திருக்கிறேன். ‘பொறுமையானவர், நேரம் தவறாதவர்’ என்று வரும் கடிதங்களை ஓரமாக வைத்துவிடுவோம்.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்., திருவையாறு:
அதில் சார் சொல்வது சரி. வகுப்பைப் பார்த்தவர்தான் எழுத வேண்டும். உங்கள் பள்ளியை விட்டுப் போன பழைய ஹெச்.எம். யாராவது இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள் அம்மா. எந்த வகுப்பு, எத்தனை வருடம், பின்தங்கிய பிள்ளைகளுக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நான் ஒரு டீச்சருக்கு, ‘வடிவியலில் தடுமாறியவர்களைக் கோலப் புள்ளி வைத்துப் பழக்கினார்’ என்று எழுதினேன். நேர்காணலில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். உடன் வேலை பார்ப்பவரிடம் மட்டும் பள்ளி லெட்டர்பேடில் கேட்காதீர்கள். தெரிந்தால் அவர் பிழைப்பும் போகும். ‘தேர்வான பிறகு தற்போதைய பள்ளியைத் தொடர்பு கொள்ளவும்’ என்று விண்ணப்பத்தில் எழுதுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

மயிலாடுதுறை இயற்பியல்:
அதை மதிக்காமல் போன் போடும் பள்ளிகளும் உண்டு ஐயா. அசல் சான்றிதழ் இல்லாமல் தஞ்சாவூரில் எப்படிச் சேர்வார்? கடைசியில் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

மன்னார்குடி அக்கா:
கேட்கட்டும், நியமன உத்தரவு கைக்கு வந்த பிறகு. வாயால் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் டீச்சர். சான்றிதழ் உங்களுடையது, அவருடையது இல்லை.

குடந்தை கணக்கு டீச்சர்:
பழைய ஹெச்.எம். இப்போது பாபநாசத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பி.எட். பயிற்சியில் என் வகுப்பைப் பார்த்த வழிகாட்டி ஆசிரியரிடம் இரண்டாவது கடிதம் கேட்கலாம் என்றிருக்கிறேன். மயிலாடுதுறை சார், பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொன்னது மனதில் இருக்கிறது. உத்தரவு வந்த அன்றே ஹெச்.எம்.மிடம் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.