ஹேர்கட்டுக்குத் தமிழில் ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

தண்டையார்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ரெப்போ சந்தை, அதாவது பத்திரத்தை ஈடாக வைத்துக் குறுகிய காலக் கடன் வாங்கும் சந்தை, பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும் பக்கத்துக்கு நாலு இடத்தில் ‘ஹேர்கட்’ வருகிறது. 100 ரூபாய் சந்தை மதிப்புள்ள பத்திரத்தை ஈடாக வாங்கிக்கொண்டு 96 ரூபாய் கடன் கொடுத்தால், கொடுக்காமல் விட்ட அந்த 4 சதவீதம்தான் ஹேர்கட். மொழிபெயர்ப்புக் கருவிகள் ‘முடிவெட்டு’ என்று தருகின்றன. ‘முடிவெட்டு உயர்ந்தது’ என்று அச்சில் வந்தால் வாசகர் அதை முடிவு எட்டு என்று பிரித்தாலும் குற்றமில்லை.

என் முன்மொழிவு: மதிப்புத் தள்ளுபடி. கருத்துச் சொல்லுங்கள்.

ராயபுரம், நகை மதிப்பீட்டாளர்

தள்ளுபடி வேண்டாம் ஐயா. எம்.சி. ரோட்டில் ஆடி மாதம் தள்ளுபடி, நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி, தேர்தல் அறிக்கையில் நகைக்கடன் தள்ளுபடி. ‘நகைக்கு 15 சதவீதத் தள்ளுபடி’ என்று எழுதினால், 15 சதவீதக் கடன் போயே போச்சு என்றுதான் படிப்பார்கள்.

இந்தச் சொல் குறிக்கும் செயல் இங்கே தெருவுக்குத் தெரு நடக்கிறது. சேட்டுக் கடையில் யாரும் விகிதம் கேட்பதில்லை; “கிராமுக்கு எவ்வளவு தருவீங்க?” என்றுதான் கேட்பார்கள். அந்த ஒற்றை எண்ணுக்குள் மூன்று கழித்தல்கள் இருக்கின்றன. கணக்கைப் பாருங்கள்.

சங்கிலி தராசில் 16 கிராம். கல், அரக்கு 1.2 கிராம் போக, தங்கம் 14.8. கணக்கு எளிதாக இருக்க 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைப்போம் (விதிப்படி 30 நாள் சராசரி, முந்தைய நாள் விலை இரண்டில் குறைந்தது எதுவோ அது). மதிப்பு 1,48,000. ரிசர்வ் வங்கியின் 2025 நெறிமுறையில் இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு உச்சவரம்பு 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. நம் சங்கிலிக்கு வரம்பு 1,25,800. இதோடு பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அசலும் வட்டியும் கடைசியில் ஒரே தவணையாகக் கட்டும் கடன் என்றால், முதிர்வு நாளில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். ஓராண்டு, 10 சதவீத வட்டி என்றால் கையில் வருவது 1,14,363 ரூபாய்தான். 15 என்று சொன்ன ஹேர்கட் முதல் நாளில் 22.7 ஆக நிற்கிறது.

மூன்றுமே கழித்தல்தான். ஆகவே ‘கழிவு’. இலங்கைத் தமிழில் கடை விலைக் குறைப்புக்கே அந்தச் சொல்தான்.

வியாசர்பாடி, ஆசிரியர்

கழிவு பொருத்தமாகவே இருக்கலாம் அம்மா. ஆனால் கொடுங்கையூர் குப்பைக்கிடங்கும் பக்கிங்காம் கால்வாயும் இருக்கிற ஊரில் ‘வங்கிக் கழிவு’ என்றால் மாணவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். நகை மொழியிலேயே ‘சேதாரம்’ இருக்கிறதே, அதை எடுத்தால் என்ன?

பெரம்பூர், வங்கி இடர் மேலாண்மைப் பிரிவு

சேதாரம் திரும்பி வராது. நகை செய்ததில் போனது போனதுதான். ஹேர்கட்டில் யாருக்கும் எதுவும் போவதில்லை. கடனைக் கட்டி நகையைத் திருப்பினால் 16 கிராமும் முழுசாகக் கைக்கு வரும். சம்பளப் பிடித்தத்தின் ‘பிடித்தம்’ சரிப்படாததும் இதனால்தான். இது கடன் கொடுப்பவர் தன் கணக்கில் மட்டும் மதிப்பைக் குறைத்து வைத்துக்கொள்வது: கடன் வாங்கியவர் கைவிரித்து, ஈட்டை விற்றுக் காசாக்குவதற்குள் விலை எவ்வளவு விழலாம் என்பதன் மதிப்பீடு. அதனால்தான் வங்கிகளுக்கான சர்வதேச ஒழுங்குமுறையான பாசல் விதிகளில் அது நாள் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. ஈட்டை வைத்திருக்க வேண்டிய நாள்கள் கூடினால், வர்க்கமூல விகிதத்தில் அதுவும் கூடும். 10 வேலைநாளுக்கு 4 சதவீதம் என்றால் 20 நாளுக்கு 8 அல்ல, சுமார் 5.66.

இதைவிடப் பெரிய சிக்கல், ஆங்கிலத்தில் அதே சொல் இன்னொன்றையும் குறிக்கிறது. 2012இல் கிரேக்க அரசின் கடன் பத்திரம் வைத்திருந்த தனியார் முகமதிப்பில் 53.5 சதவீதத்தை இழந்ததும் ஹேர்கட். நம் திவால் சட்டத்தின் கீழ் ஒரு நிறுவனம் தீர்வுக்குப் போய், வங்கிகள் கோரிய தொகையில் ஒரு பகுதி மட்டும் கிடைத்தால், கிடைக்காத பகுதியும் ஹேர்கட். முதலாவது முன்னெச்சரிக்கை. இரண்டாவது நடந்து முடிந்த நட்டம். முதலாவதை ஒழுங்காகச் செய்தால் இரண்டாவது குறையும். ஒன்றை ஒன்று தடுக்கும் இரண்டுக்கு ஒரே பெயர் ஆங்கிலத்தில் வழக்காகிவிட்டது. அந்தக் குழப்பத்தை நாமும் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

என் முன்மொழிவு: முதலாவதுக்கு ஈட்டுக்கழிவு, இரண்டாவதுக்குக் கடன்வெட்டு. ‘ஈடு’ முன்னால் நின்றுவிட்டால் கழிவின் நாற்றம் போய்விடும்.

தண்டையார்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்

‘ஈட்டு’ என்றதும் ஈட்டிய விடுப்பு, வருமானம் ஈட்டுதல் நினைவுக்கு வராதா? இன்னொன்று, நிதி நிலைத்தன்மை ஆய்வுகளில் இது வெறும் ஒப்பந்த விவரமாக வருவதில்லை, நெருக்கடியின் காரணமாகவே வருகிறது. அந்த வாக்கியங்களில் இந்தச் சொல் நிற்குமா?

பெரம்பூர், வங்கி இடர் மேலாண்மைப் பிரிவு

வீட்டுக்கடன் என்று படிக்கும்போது யாருக்கும் ‘வீட்டுதல்’, அதாவது கொல்லுதல், நினைவுக்கு வருவதில்லை. (தவணை கட்டுகிறவர்கள் மாற்றிச் சொல்லலாம்.) வீடு வீட்டுக்கடன் ஆனது போல ஈடு ஈட்டுக்கழிவு.

வாக்கியத்தில் வைத்தே பார்ப்போம். ஒரு நிறுவனத்திடம் சொந்தப் பணம் 2 லட்சம். ஈட்டுக்கழிவு 2 சதவீதம் என்றால் அதை வைத்து 1 கோடி ரூபாய்ப் பத்திரத்தைத் தாங்கலாம், 98 லட்சம் கடன். ஈட்டுக்கழிவு 4 ஆகிறது. பத்திரத்தின் விலை ஒரு பைசா இறங்கவில்லை, ஆனாலும் அதே 2 லட்சத்தால் இப்போது 50 லட்சத்தைத்தான் தாங்க முடியும். பாதியை விற்றாக வேண்டும். எல்லாரும் ஒரே நாளில் விற்றால் விலை விழும், விலை விழுந்தால் ஈட்டுக்கழிவு மறுபடி ஏறும். பொருளாதார ஆய்வாளர்கள் கோர்ட்டனும் மெட்ரிக்கும் ஆய்ந்த, பல கடன்களைத் திரட்டி உருவாக்கிய கடன்தொகுப்புப் பத்திரங்களில் 2007 தொடக்கத்தில் சுழியமாக இருந்த சராசரி ஈட்டுக்கழிவு 2008 இறுதியில் 50 சதவீதத்தை நெருங்கியது. வங்கி வாசலில் கூட்டம் நிற்காமலே வங்கி ஓட்டம் (பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பக் கேட்பது) நடந்தது என்று அவர்கள் சொன்னது இதை வைத்துத்தான்.

ஆனால் பணத்தையும் பத்திரத்தையும் கைமாற்றிக் கொடுக்க இடையில் ஒரு தீர்வக வங்கி நிற்கும் முத்தரப்பு ரெப்போவில் அதே காலத்தில் ஈட்டுக்கழிவு பெரிதாக அசையவில்லை என்று கிருஷ்ணமூர்த்தி, நாகெல், ஓர்லாவ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டினார்கள். அங்கே கடன் கொடுத்தவர்கள் கழிவைக் கூட்டவில்லை, கடனைப் புதுப்பிக்காமல் விலகிக்கொண்டார்கள். ‘ரெப்போ சந்தையில் ஈட்டுக்கழிவு எகிறியது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் தவறு. எந்தச் சந்தை என்று சொல்ல வேண்டும்.

ராயபுரம், நகை மதிப்பீட்டாளர்

ஈட்டுக்கழிவு எனக்குச் சம்மதம். செய்தி எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2020 ஏப்ரலில் ஐரோப்பிய மத்திய வங்கி ஈட்டுக்கழிவுகளை 20 சதவீதம் குறைத்தது. 10 இருந்தது 8 ஆனது என்று பொருள். 20 சதவீதப் புள்ளி இறங்கியதாக எழுதிவிட வேண்டாம். அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கே வங்கி நகைக்கடன் வரம்பு 75இலிருந்து 90 ஆனது (2021 மார்ச் வரை, விவசாயம் அல்லாத கடனுக்கு). அது புள்ளிக் கணக்கு: ஈட்டுக்கழிவு 25இலிருந்து 10. இங்கே ‘15 சதவீதம் குறைந்தது’ என்பதும் தவறு, குறைந்தது 60 சதவீதம்.

வியாசர்பாடி, ஆசிரியர்

சரி, மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ‘மார்ஜின்’ என்பதும் இதுவும் ஒன்றா? ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் மத்திய அரசுப் பத்திரங்களுக்கு ஒரே 4 சதவீதம் என்றிருந்ததை முதிர்வுக் காலத்தைப் பொறுத்து 0.5 முதல் 4 வரை என்று பிரித்தபோது, அறிவிப்பில் மார்ஜின் என்றுதான் இருந்தது.

பெரம்பூர், வங்கி இடர் மேலாண்மைப் பிரிவு

ஒன்றல்ல, வகுக்கும் எண் வேறு. ஈட்டுக்கழிவு ஈட்டின் மதிப்பில் கணக்கிடுவது; மார்ஜின் கடன் தொகையின் மேல் கணக்கிடுவது. 100 ரூபாய் கடனுக்கு 4 சதவீத ஈட்டுக்கழிவு என்றால் 104.17 ரூபாய்ப் பத்திரம் வேண்டும். 4 சதவீத மார்ஜின் என்றால் 104 போதும். 17 காசுதானே என்று விடக்கூடாது. கடன் ஆயிரம் கோடி என்றால் வித்தியாசம் ஒன்றே முக்கால் கோடியை நெருங்கும்.

மார்ஜினுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். ‘உணர்ச்சி மேலீடு’ என்கிறோமே, அந்த மேலீடு. மேல் + ஈடு என்று பிரித்தால் வேண்டிய பொருள் உள்ளேயே இருக்கிறது. விலை விழுந்ததும் இன்னும் கொண்டுவா என்பது மேலீட்டுக் கேட்பு.

தண்டையார்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்

பட்டியலில் ஏற்றுகிறேன்: ஈட்டுக்கழிவு, கடன்வெட்டு, மேலீடு. முதல் சொல்லை இடைவெளி விடாமல், ‘க்’ போட்டு எழுதவும். மேலீட்டுக் கேட்புக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.