கொலாஜன் பொடி குடித்தால் தளர்ந்த தோல் இறுகுமா?

கட்டபெட்டுக்காரி: வயது 48. தாடையும் கழுத்தும் தொய்ந்துவிட்டன. குன்னூரில் அழகு நிலையம் வைத்திருக்கும் பெண் ஒரு டப்பாவை நீட்டி, "மூன்று மாதம் குடியுங்கள் அக்கா, தோல் இறுகிவிடும்" என்கிறாள். ஒரு மாதத்துக்கு 1,900 ரூபாய். வாங்கலாமா? வீட்டுக்காரரிடம் கேட்டால் சிரிக்கிறார்.

மருந்துக்கடை_குன்னூர்: வேண்டாம். என் கடையிலும் விற்கிறது, நட்டம் எனக்குத்தான். கொலாஜன் ஒரு புரதம். பருப்பு, முட்டை போலவே செரித்து அமினோ அமிலமாகிவிடும். "நீ கழுத்துக்குப் போ" என்று யாரும் அதற்கு விலாசம் எழுதி அனுப்புவதில்லை. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் அறவே கிடையாது. புரதம்தான் வேண்டுமென்றால் முட்டை எவ்வளவோ மேல்.

லவ்டேல்_வாசி: சார், இந்தச் செரிமானக் கதையை இன்னும் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? பெப்டைடாக, அதாவது சிறு துணுக்குகளாக உடைத்த கொலாஜனைக் குடித்தவர்களின் இரத்தத்தில் புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலங்கள் இணைந்த துணுக்குகள் உடையாமலே கிடைத்திருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அவை தோல் செல்களைத் தூண்டுகின்றன. 2014-ல் வந்த ஜெர்மன் ஆய்வில் 35 முதல் 55 வயதுப் பெண்களுக்குத் தினம் 2.5 அல்லது 5 கிராம் கொடுத்தார்கள். கொலாஜன் இல்லாத மாற்றுப் பொடி குடித்தவர்களைவிட எட்டு வாரத்தில் தோலின் மீள்தன்மை கூடியிருந்தது. நானும் குடிக்கிறேன், கண்ணாடி பொய் சொல்லவில்லை.

மருந்துக்கடை_குன்னூர்: இரத்தத்தில் சேர்வதும் கழுத்தைத் தூக்கி நிறுத்துவதும் ஒன்றா? 2025-ல் 23 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரை வந்ததே, அதையும் படியுங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் ஈரப்பதம், மீள்தன்மை, சுருக்கம் மூன்றிலும் பலன் தெரிகிறது. மருந்து நிறுவனங்களிடம் பணம் வாங்காத ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தால் மூன்றிலும் ஒன்றுமில்லை. கண்ணாடி பொய் சொல்லாதுதான். 1,900 கொடுத்த கண் சொல்லும்.

லவ்டேல்_வாசி: யார் பணம் என்று பார்த்துத்தான் தள்ளுவதென்றால் உங்கள் அலமாரியில் பாதி மாத்திரை மிஞ்சாது.

இந்துநகர்_ஓய்வு: சண்டைக்கு நடுவே ஒரு கிழவன். எலும்பையும் தோலையும் வேகவைத்தால் கொலாஜன் ஜெலட்டின் ஆகும். அதை நொதியால் மேலும் நறுக்கினால் இந்தப் பொடி. நம் ஊருக்கு இது புதிதல்ல, ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்தார்கள். நான் வேலை பார்த்த ஊட்டி பிலிம் தொழிற்சாலையில் பிலிம்மேல் வெள்ளி உப்பைப் பிடித்து வைத்ததும் ஜெலட்டின்தான்.

கட்டபெட்டுக்காரி: எலும்பா! என் மாமியார் சுத்த சைவம், அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருந்துக்கடை_குன்னூர்: மாடு, பன்றி, மீன் போன்றவற்றிலிருந்துதான் வரும். செடியில் கொலாஜன் கிடையாது. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் லேபிளைப் படிக்காமல் தொடக்கூடாது.

அக்கா, உங்கள் கழுத்துக்கு வருகிறேன். குளிர்கிறது என்பதால் வெயிலை நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். மெல்லிய மேகம் அதை அவ்வளவாகத் தடுக்காது. தோலுக்குள் கொலாஜனை வெட்டும் நொதிகளை அந்தக் கதிர்தான் கிளப்பிவிடுகிறது. கொழுந்து பறிப்பவர்கள் தலைத்துணியை அவிழ்க்கும்போது பாருங்கள்: துணி மூடிய நெற்றி வழவழப்பாக இருக்கும், அதற்குக் கீழே கன்னமெல்லாம் கோடு. ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை ஆண்டு கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, தோன்றியபோது பூசியவர்களைவிடத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு.

லவ்டேல்_வாசி: அது இருப்பதைக் காக்கும், போனதைத் தராது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. 48 வயதுப் பெண்ணிடம் குடையைக் கொடுத்து அனுப்பப் பார்க்கிறீர்கள்.

மருந்துக்கடை_குன்னூர்: போனதில் கொஞ்சம் மீட்க ட்ரெட்டினாயின் என்ற பூச்சு மருந்து இருக்கிறது. இரவில் மட்டும், மருத்துவர் சீட்டோடு, கர்ப்பிணிகளுக்குக் கூடாது. ஜனவரிக் காற்றில் தோல் உரியும், எரியும். அதுவும் சுருக்கத்துக்குத்தான். தாடைத் தொய்வு தோல் மட்டும் செய்கிற வேலையல்ல, அடியிலிருக்கும் கொழுப்பும் எலும்பும் இடம் மாறுகின்றன. அங்கே எந்தப் பொடி போய் என்ன செய்யும்?

கட்டபெட்டுக்காரி: சரி, டப்பா இப்போதைக்கு வேண்டாம். முதலில் தோல் மருத்துவரைப் பார்க்கிறேன்.

லவ்டேல்_வாசி: நான் நிறுத்தப்போவதில்லை. மூன்று மாதம் கழித்துப் படம் போடுகிறேன், அப்போது பேசுங்கள்.

மருந்துக்கடை_குன்னூர்: இன்றைக்கே ஒன்று எடுத்து வையுங்கள். அதே ஜன்னல், அதே நேரம், பவுடர் இல்லாமல்.