கீசர் அளவுக்கு மீறிக் கொதிக்கிறது: வால்விலிருந்து ஆவி வருகிறது

கேள்வி (சத்துவாச்சாரி, வேலூர்):
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் ஒன்று இருக்கிறது. போர் தண்ணீர்தான் அதற்குப் போகிறது. இரண்டு நாட்களாக, முக்கால் மணி நேரம் ஆனாலும் சிவப்பு விளக்கு அணைவதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் ஆவியோடு சீறி வருகிறது. பக்கத்தில் உள்ள பாதுகாப்பு வால்வும் விடாமல் சொட்டுகிறது. வால்வை அடைத்துவிட்டால் போதும் என்று பிளம்பர் சொல்கிறார். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, வெந்நீர் இல்லாமல் குளிக்க இயலாது. அடைத்துவிடலாமா?

மறுமொழி (காட்பாடி):
ஐயா, தயவுசெய்து அடைக்க வேண்டாம். முதலில் எம்.சி.பி.யை (மின்பலகையில் கீசருக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துவிடுங்கள். குழாயையும் இப்போது திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் ஆவியாகாமல் உள்ளே இருக்கும், திறந்த கணத்தில் ஆவியாகிக் கையையும் முகத்தையும் வேகவைத்துவிடும். இரவு முழுவதும் ஆறட்டும். அம்மாவுக்கு அதுவரை அடுப்பில் சுடவைத்துக் கொடுங்கள்.

சூடேறும்போது வால்வு சிறிது சொட்டுவது இயல்புதான். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும் 15 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 200 மில்லி விரிவடைகிறது. அந்தத் தண்ணீர் வெளியேற வேறு வழியில்லை. ஆனால் ஆவி வருவது இயல்பன்று. அந்த வால்வு ஒன்றுதான் இப்போது தொட்டி வெடிக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது.

மறுமொழி (குடியாத்தம், எலக்ட்ரீஷியன்):
2 கிலோவாட் எலிமெண்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர இருபது நிமிடம்கூட ஆகாது. முக்கால் மணி நேரம் விளக்கு எரிகிறது என்றால் தெர்மோஸ்டாட்டின், அதாவது வேண்டிய சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் கருவியின், முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது உப்புப் படிவு மூடியதால் அது சூட்டைத் தாமதமாக உணரலாம். எனக்குக் கவலை தருவது வேறொன்று. தெர்மோஸ்டாட் பழுதானாலும், கொதிநிலைக்கு முன்பே மின்சாரத்தைத் துண்டிக்கத் தனியாக ஒரு கட்-அவுட் உண்டு. அது ஏன் துண்டிக்கவில்லை? இதற்கு முன் பழுது பார்த்தவர் அது வேலை செய்யாதபடி அதன் இரண்டு ஒயர்களையும் நேராக முறுக்கி இணைத்திருக்கிறாரா என்று, இப்போது சரிசெய்ய வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் நானே பலமுறை அப்படிக் கண்டிருக்கிறேன். மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் அவரையே சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்று ஆள் வந்து திறந்தார். நீங்கள் சொன்னபடியே கட்-அவுட்டின் ஒயர்கள் முறுக்கப்பட்டிருந்தன. சென்ற ஆண்டு பழுது பார்த்தபோது நடந்திருக்க வேண்டும். எலிமெண்டின் மேல் விரற்கடை அளவுக்கு வெள்ளைப் படிவு இருந்தது, தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோடு கம்பி முழுவதும் கரைந்துபோயிருந்தது. தெர்மோஸ்டாட், கட்-அவுட், ஆனோடு, வால்வு நான்கையும் மாற்றி, படிவையும் சுரண்டியெடுத்தோம். இன்று காலை பதினெட்டாவது நிமிடத்தில் விளக்கு அணைந்தது.

மறுமொழி (குடியாத்தம், எலக்ட்ரீஷியன்):
மகிழ்ச்சி ஐயா. போர் தண்ணீர் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மார்கழிக்கு முன்பே திறந்து படிவை எடுத்துவிடுங்கள்.