முன்பள்ளி ஆசிரியையின் சம்பளத்தை யாரிடம் கேட்பது?

கேள்வி: பட்டிப்பளை வாசி

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு சிற்றூரின் முன்பள்ளிப் பெற்றோர் குழுவுக்கு நான் இரண்டு வருடங்களாகச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் முன்பள்ளி மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் இயங்குகிறது. பிள்ளைகள் 24 பேர். ஓர் ஆசிரியை, உதவிக்கு ஒரு யுவதி. பிள்ளைக்கு மாதம் 500 ரூபாய் என்று கூட்டத்தில் தீர்மானித்திருந்தாலும், வேளாண்மை வெட்டு முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களில்தான் முக்கால்வாசிப் பேராவது கட்டுகிறார்கள். கடந்த நவம்பர் மழையில் கட்டியவர்கள் ஒன்பது பேர். அந்த 4,500 ரூபாயில் உதவியாளருக்கு 1,500 கொடுத்துவிட்டு மீதி 3,000 ரூபாயை ஆசிரியையிடம் நீட்டியபோது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கத்தின் மாதாந்தக் கொடுப்பனவும் அவருக்குக் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் இரண்டையும் கூட்டினாலும் நகரத்துப் புடைவைக் கடையில் நிற்கும் ஒரு பிள்ளையின் சம்பளத்தில் பாதிகூட வராது. மார்ச் மாதத்துடன் விலகிக்கொள்வதாக இப்போது கடிதம் தந்திருக்கிறார்.

முன்பள்ளிக்கு அடுத்த ஒழுங்கையில் அரசாங்கப் பாடசாலை இருக்கிறது. அங்கே தரம் 1இல் 11 பிள்ளைகள். அவர்களுக்கு முழுச் சம்பளத்துடன் ஓர் ஆசிரியர், இலவசப் பாடநூல், சீருடைத் துணி, மதிய உணவு. அதே பிள்ளைகள் போன டிசம்பர் வரை எங்களிடம் இருந்தபோது அரசாங்கத்துக்கு அவர்கள் ஏன் கண்ணில் படவில்லை? முன்பள்ளியைப் பாடசாலையுடன் இணைத்துவிடக் கேட்கலாமா, பாடசாலைக்கு வரும் தர உள்ளீட்டுப் பணத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டா, கடிதத்தை வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவதா அல்லது பிரதேச செயலகத்துக்கு எழுதுவதா என்பதை விபரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற கணக்கு உத்தியோகத்தர், மட்டக்களப்பு

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தர உள்ளீட்டுப் பணம் பாடசாலையின் வகுப்புகளையும் மாணவர் தொகையையும் வைத்துக் கணிக்கப்படுவது. கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கு மட்டுமே செலவிடலாம். அதிபர் இரக்கப்பட்டு உங்களுக்கு ஒரு பெட்டி நிறக்கட்டி தந்தாலும் கணக்காய்வில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவரை அந்த இக்கட்டில் மாட்டாதீர்கள்.

இனிப் பணம் வரும் வழி. மாகாண சபைகளைக் கொண்டுவந்த, அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும், ஏனையவை மாகாணத்தின் கீழும் வந்தன. நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி கொழும்பிலிருந்து மாகாணத்துக்கு வரும் தொகுதிக் கொடையின் பெரும் பங்கு சம்பளத்துக்கே போய்விடும். அதில் ஆசிரியர் சம்பளமே முதலிடம். கிழக்கின் 17 வலயங்களில் எதை எடுத்தாலும் கதை ஒன்றுதான்: சம்பளம் போக மிஞ்சுவதைக் கொண்டு கூரை மாற்றுவதா, மலசலகூடம் கட்டுவதா என்று அடிபட வேண்டியிருக்கும்.

முன்பள்ளி இந்தக் கணக்குக்குள் வராமல் போனது மறதியால் அல்ல. அதே திருத்தத்தின் கல்விப் பின்னிணைப்பு மாகாணத்துக்குக் கொடுத்தது முன்பள்ளிகளின் முகாமையை மேற்பார்வை செய்யும் பொறுப்பை. அந்த ‘மேற்பார்வை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பாடசாலைக்கு வசதி வழங்க வேண்டும் என்று எழுதிய பேனை, முன்பள்ளிக்கு வந்ததும் மேற்பார்த்தால் போதும் என்று நின்றுவிட்டது. கட்டாயக் கல்வியும் 5 வயதில்தான் தொடங்குகிறது. ஆகவே மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குச் செலவழிக்க வேண்டும் என்ற சட்டக் கடப்பாடு எவருக்கும் இல்லை. கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகம் பதிவு செய்கிறது, பயிற்சி தருகிறது, கொடுப்பனவு வழங்குகிறது. இவை நல்ல காரியங்கள்தான், ஆனால் கொடுப்பனவு சம்பளம் ஆகாது.

மேலும் ஒன்று: கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தல் நடக்கவில்லை. நியதிச்சட்டம், அதாவது மாகாணத்துக்கான சட்டம், இயற்றும் அதிகாரம் உள்ள சபையே கூடாதபோது, முன்பள்ளி ஆசிரியர்களுக்கு மாகாணச் சேவையொன்றை உருவாக்குங்கள் என்று நீங்கள் யாருடைய வாசலில் போய் நிற்பீர்கள்?

பதில்: ஆசிரியர், சம்மாந்துறை

அஸ்ஸலாமு அலைக்கும். கேள்வி கேட்ட சகோதரர், பாடசாலை ஆசிரியரின் ‘முழுச் சம்பளத்தை’ ஒரு தட்டில் வைத்து எடை போடுவது எனக்குச் சற்று வருத்தமாக இருக்கிறது. அந்தச் சம்பளம் தானாக வந்ததல்ல. அதிபர், ஆசிரியர் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரை இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடினோம். அந்த முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழு சிபாரிசு செய்ததில் மூன்றில் ஒரு பங்குதான் 2022 ஜனவரியில் கைக்கு வந்தது. மீதி மூன்றில் இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26ஆம் திகதி மீண்டும் சுகயீன விடுமுறையில் இறங்க நேர்ந்தது. 2025 வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தியது. அதையும் 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று மூன்று தவணையாகத்தான் தருகிறார்கள். ஆற்றைக் கடந்து கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்குப் போகும் ஒருவருக்கு பெற்றோலுக்கும் மாதிரி வினாத்தாள் போட்டோப் பிரதிக்கும் எவ்வளவு போகிறது என்பதை என் வீட்டுக்காரி சொல்வார்.

இருந்தும் நாங்கள் இவ்வளவையாவது பெற்றதற்குக் காரணம், நாடு முழுவதும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே சேவையில் இருப்பது. முன்பள்ளி ஆசிரியைமார் பள்ளிவாசலுக்கு ஒருவர், கோயிலுக்கு ஒருவர், சங்கத்துக்கு ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள்.

பாடசாலையுடன் இணைப்பது என்ற யோசனையில் ஓர் ஆபத்து இருக்கிறது. சேவையொன்று உருவானால் கல்வித் தகைமை, வயதெல்லை, போட்டிப் பரீட்சை எல்லாம் பின்னால் வரும். சாதாரண தரத்துடனும் ஒரு வருட முன்பள்ளி டிப்ளோமாவுடனும் பதினைந்து வருடம் படிப்பித்த உங்கள் ஆசிரியை நேர்முகப் பரீட்சையின் முதல் மேசையிலேயே திருப்பி அனுப்பப்படலாம். யுத்த காலத்தில் சம்பளமின்றிப் படிப்பித்த தொண்டர் ஆசிரியர்களில் எத்தனை பேர் வயதையும் ஆவணத்தையும் காட்டி விடுபட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம். புதிய நியமனக் கடிதத்துடன் வேறு மாவட்டத்துப் பட்டதாரி ஒருவர் உங்கள் ஊருக்கு வருவார். முதல் நாளே இடமாற்ற விண்ணப்பத்தையும் எழுதுவார். அவரையும் குறை சொல்ல முடியாது.

பதில்: முன்பள்ளி ஆசிரியை, திருக்கோவில்

சம்மாந்துறை சேர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். எனக்கு வயது 46, எந்தப் பரீட்சைக்கும் இனி விண்ணப்பிக்க முடியாது. எங்களுக்காகப் பேசுபவர்கள் பலரும் சம்பளத்தின் தொகையை மட்டுமே பேசுவதால் இதை எழுதுகிறேன்.

காலை உணவுத் திட்டத்துக்கு ஒரு பிள்ளைக்கு 60 ரூபாயாக இருந்ததை 100 ரூபாயாக உயர்த்துவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். எங்கள் கொடுப்பனவையும் 1,000 ரூபாயால் கூட்டுவதாகச் சொன்னார்கள். நன்றி. ஆனால் உணவுப் பணம் முற்கூட்டி வருவதில்லை. பயறு, கௌபி, கடலை, தேங்காய் எல்லாம் சந்திக் கடையில் என் பெயரில் கொப்பியில் ஏறுகின்றன. ஒரு தடவை இரண்டரை மாதம் பணம் வராமல், கொப்பியில் 31,000 ரூபாய் நின்றது. கடைக்கார அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை மட்டும் தராசுக்குப் பக்கத்தில் திறந்தபடி வைத்திருந்தார். அந்த மாதம் என் காதுத் தோடு அடகுக்குப் போனது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. ஆடைத் தொழிற்சாலைக்குப் போன என் தங்கைக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. அவளுடைய சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், மாதாமாதம் சேர்கிறது. எனக்கு 19 வருடத்தில் ஒரு சதமும் சேரவில்லை. ஏன் என்று தொழில் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரிடம் கேட்டேன். “உங்களுடைய தொழில்தருநர் யார், அம்மா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பெற்றோரா, ஆலய பரிபாலன சபையா, பணியகமா? மேற்பார்வை செய்ய நான்கு அலுவலகங்கள் வருகின்றன, வரவுப் பதிவேட்டில் நான்கு நிறத்தில் கையொப்பம் இருக்கிறது. வேலைக்கு வைத்தவர் என்று ஒப்புக்கொள்ள ஒருவரும் இல்லை. பட்டிப்பளை ஐயா கடிதம் எழுதுவதானால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற கணக்கு உத்தியோகத்தர், மட்டக்களப்பு

தங்கச்சி சொன்னதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பாடசாலையுடன் இணைக்கும் கோரிக்கையை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். தொழில்தருநராகப் பொறுப்பேற்கக்கூடிய அமைப்பு ஒன்று உண்டென்றால் அது பிரதேச சபை. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின்னர் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் அங்கே இருக்கிறார்கள். சபைகள் தாமே முன்பள்ளி நடத்துவதும் நாட்டில் புதிதல்ல. சபையின் வருமானம் சிறியது, உடனே இணங்கமாட்டார்கள். ஆனாலும் பெற்றோர் கட்டணத்தைச் சபை பற்றுச்சீட்டுக் கொடுத்து அறவிட்டு, குறையும் தொகையைத் தன் நிதியால் நிரப்பி, நியமனக் கடிதம் ஒன்றை வழங்கினால், சேமலாப நிதிக்கு வழி பிறக்கும். பிரதேச செயலகத்தில் உள்ள முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் பணியகத்துக்கும் பிரதி அனுப்புங்கள்.

பதில்: பட்டிப்பளை வாசி

எல்லோருக்கும் நன்றி. சம்மாந்துறை ஆசிரியர் மன்னிக்க வேண்டும். பக்கத்துப் பாடசாலையைப் பார்த்து வந்த ஆதங்கத்தில் அப்படி எழுதிவிட்டேன்.

இதை வாசித்த பின்னர் முன்பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழைக் கழற்றிப் பார்த்தேன். ‘நடத்துநர்’ என்ற இடத்தில் ஓர் உதவி நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அந்த நிறுவனம் ஊரைவிட்டுப் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. ஆசிரியையிடம் காட்டினேன், வாசித்துவிட்டுச் சிரித்தார். பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்துப் பதில் வரும்வரை, ஏப்ரல் வருடப்பிறப்பு வரை மட்டும், இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். சான்றிதழில் பெயரை மாற்றிய பிறகு கடிதம் கொடுப்பதா, அல்லது இப்படியே பிரதியெடுத்துக் கடிதத்துடன் இணைப்பதா?

பதில்: ஓய்வுபெற்ற கணக்கு உத்தியோகத்தர், மட்டக்களப்பு

மாற்ற வேண்டாம். அப்படியே இணையுங்கள். மூலப் பிரதியை மட்டும் யார் கேட்டாலும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.