பல் பிடுங்கிய மறுநாள் சிறுநீர்ச் சோதனை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

செம்பனை லோரிக்காரர்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். வேறு கம்பெனிக்கு மாறும்போது மெடிக்கல் செக்கப், கூடவே போதைப்பொருளுக்கான சிறுநீர்ச் சோதனை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த மறுநாளே கூப்பிட்டுவிட்டார்கள். "மரத்துப்போக ஊசி போட்டிருக்கிறாய், அது கொக்கேன் வகை, கட்டாயம் மாட்டுவாய்" என்று கூட்டாளிகள் சொன்னதும் பயந்துவிட்டேன். தோட்டத்தில் ஒருவனைப் பற்றி இப்படி ஒரு பேச்சு கிளம்பினால், பொய் என்று தெரிந்த பிறகும் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீடு வரைக்கும் போகும். கோப்பையை வாங்கும் முன்பே பல் டாக்டரின் சீட்டை நர்ஸிடம் காட்டினேன். படிவத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். சோதனையில் எதுவும் வரவில்லை, வேலையும் கிடைத்தது. ஆனாலும் அந்த ஊசி காட்டுமா, காட்டாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற எச்.ஏ.:
காட்டாது தம்பி. தோட்ட மருத்துவமனையில் எச்.ஏ.வாக (ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட்) வேலை பார்த்தவன் சொல்கிறேன். இந்தப் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. முதன்முதலில் மரத்துப்போக வைக்கப் பயன்பட்டது கொக்கேன்தான். 1884ல் கார்ல் கோல்லர் கண் அறுவைக்கு அதைப் பயன்படுத்திக் காட்டினார். இப்போது பல் டாக்டர் போடும் லிக்னோகேயின் வேறு பொருள், 1943ல் ஸ்வீடனில் லோஃப்கிரென் உருவாக்கியது. கொக்கேன் உடலில் சிதைந்து பென்சாயில்எக்கோனின் என்ற பொருளாகிறது. சிறுநீரில் நனைக்கும் சோதனைப் பட்டை தேடுவது அதைத்தான். லிக்னோகேயின் எப்படிச் சிதைந்தாலும் அந்தப் பொருள் உண்டாகாது. மரத்துப்போகப் போடும் மற்ற ஊசிகளான ஆர்ட்டிகேயின், புப்பிவகேயின் எல்லாமே அப்படித்தான். சில நாடுகளில் மூக்கு அறுவைக்கு இன்னும் கொக்கேனையே தடவுகிறார்கள். அப்படித் தடவியிருந்தால் மட்டும் பாசிட்டிவ் வரும், அது பொய்யான முடிவும் இல்லை.

இன்னொன்று: பட்டையில் சோதனைக் கோடு (T) விழுந்தால் நெகட்டிவ், மங்கலாக விழுந்தாலும் நெகட்டிவ்தான். அந்தக் கோடு மட்டும் விழாவிட்டால்தான் பாசிட்டிவ். நிறையப் பேர் இதைத் தலைகீழாக நினைத்து வீணாகப் பதறுகிறார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
ஐயா சொல்வது சரி. எங்கள் வீட்டுக்காரருக்குப் பாசிட்டிவ் வந்தது ஊசியால் இல்லை, மாத்திரையால். பல் பிடுங்கிய வலிக்குக் கொடேன் என்ற அபின் வகை மருந்து கலந்த மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆலையில் திடீர்ச் சோதனை நடந்தது, அபின் வகைக்குப் பாசிட்டிவ். சோதித்தவர் வரிசையில் நின்ற எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிட்டார். அன்று அவர் முகம் வாடி வீட்டுக்கு வந்ததை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. முதல் பட்டை சந்தேகத்தை மட்டும்தான் சொல்கிறது. ஆய்வகம் உறுதி செய்யும் முன்னால் ஒரு மனிதனைக் குற்றவாளி மாதிரி நிறுத்தக் கூடாது. மாத்திரை உறையும் டாக்டர் சீட்டும் அலமாரியில் இருந்ததால் பிழைத்தோம்.

ஓய்வுபெற்ற எச்.ஏ.:
சீட்டு இருந்தது நல்லதாகப் போயிற்று அம்மா. கொடேனில் ஒரு பங்கு உடலில் மார்ஃபின் என்ற அபின் பொருளாகவே மாறும். அதனால் ஆய்வகத்தில் உறுதி செய்யும் ஜிசி-எம்எஸ் கருவியில் போட்டாலும் இரண்டும் தெரியும். கருவி பொய் சொல்லவில்லை. மருந்தாகத்தான் சாப்பிட்டார் என்பதற்குச் சீட்டு வேண்டும். சளி மாத்திரையில் உள்ள சூடோஎபெட்ரின் அப்படியில்லை. பட்டையில் ஆம்பெட்டமின் என்ற போதைப்பொருள் மாதிரி காட்டலாம், ஆனால் கருவி அது வேறு என்று பிரித்துச் சொல்லிவிடும். லோரி ஓட்டுகிற பிள்ளைகள் இருமல் மருந்தை அடுத்தவர் பாட்டிலில் இருந்து வாங்கிக் குடிக்காதீர்கள். அதில் கொடேன் இருந்தால் உங்கள் பேரில் சீட்டும் இருக்காது.

செம்பனை லோரிக்காரர்:
ரொம்ப நன்றி ஐயா. அப்புறம், குருமாவில் கசகசா போட்டால் பாசிட்டிவ் வரும் என்கிறார்களே, அதுவும் வெறும் பேச்சுதானா?

ஓய்வுபெற்ற எச்.ஏ.:
அது வெறும் பேச்சு இல்லை தம்பி. கசகசா அபின் செடியின் விதை, அதில் கொஞ்சம் மார்ஃபின் ஒட்டியிருக்கும். எவ்வளவு என்பது விதைக்கு விதை மாறும், கழுவி வேகவைத்தால் குறையும். சோதனை வரும் என்று தெரிந்தால் அதற்கு முந்தைய சில நாட்கள் முந்திரி அரைத்துப் போடச் சொல்லுங்கள், குருமா கெட்டுப்போகாது.